நாட்களை வாங்கும் பணம்: பிற நாடுகளின் பெருந்தொற்று முன்னேற்பாட்டுக்கு அரசுகள் ஏன் செலவிடுகின்றன?

2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவின் தென்கிழக்கு வனப்பகுதியில் உள்ள மெலியாண்டு என்ற சிற்றூரில் ஒரு சிறு குழந்தை காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அக்குழந்தையின் குடும்பத்தாரும், அவர்களுக்குச் சிகிச்சை அளித்த சுகாதாரப் பணியாளர்களும், இறுதிச் சடங்குக்கு வந்துபோன உறவினர்களும் நோயுற்று இறந்தார்கள். காலராவாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். நோயாளிகளின் ரத்த மாதிரிகள் பிரான்சின் லியோன் நகர ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்து, காரணம் எபோலா குடும்ப வைரஸ்தான் என்று தெரியவந்தபோது 2014 மார்ச் மாதம் 21ஆம் தேதி ஆகிவிட்டிருந்தது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் நோய்க்குப் பெயர் தெரியாமலேயே கழிந்திருந்தன. அந்தப் பரவல் கினியா, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளையும் நிலைகுலையச் செய்து 2016இல் ஓய்ந்தபோது, 28,600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 11,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள்.

‘உலக சுகாதாரப் பாதுகாப்பு’, ‘பெருந்தொற்று முன்னேற்பாடு’ என்ற பெயர்களில் ஓர் அரசு இன்னொரு நாட்டுக்கு அளிக்கும் உதவி எதற்கானது என்று கேட்டால், சுருக்கமான விடை இதுதான்: முதல் நோயாளி படுக்கையில் விழுந்த நாளுக்கும், அவருக்கு வந்திருப்பது என்ன நோய் என்று பொறுப்பானவர்களுக்குத் தெரியவரும் நாளுக்கும் இடையிலான தொலைவைக் குறைப்பதற்கானது. தடுப்பூசி, மருந்து, முகக்கவசம் ஆகியவையும் இதில் உண்டு; ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் அந்த நாட்கணக்குக்குப் பிறகு வருபவை.

வழக்கமான மருத்துவ உதவியிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலேரியா மாத்திரை வழங்குவது, பிரசவ விடுதி கட்டுவது, எச்ஐவி தொற்றுள்ளோருக்கு மருந்து தருவது ஆகியவை ஏற்கெனவே இருக்கும் நோயாளிகளுக்கான உதவிகள். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். முன்னேற்பாட்டுக்கான உதவியோ இன்னும் வராத நோய்க்கானது. அது வெற்றி பெற்றால் எதுவுமே நடந்திருக்காது, நடக்காத ஒன்றைப் படம் பிடித்து நாடாளுமன்றத்தில் காட்டவும் முடியாது. இந்தத் துறையின் பெரும்பாலான சிக்கல்களுக்கு மூலம் இதுதான் என்பது என் கணிப்பு.

சட்டம் சொல்வது

நாடுகள் ஒன்றுகூடித் தொற்றுநோயைப் பற்றிப் பேசத் தொடங்கியது புதிதல்ல. காலரா அச்சத்தால் ஐரோப்பிய நாடுகள் பாரிஸ் நகரில் முதல் சர்வதேச சுகாதார மாநாட்டை நடத்தியது 1851இல். இன்று நடைமுறையில் இருக்கும் உடன்பாடு, 2005இல் ஏற்கப்பட்டு 2007 ஜூனில் அமலுக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகள். 2002 நவம்பரில் சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் தொடங்கிய சார்ஸ் நோய், உரிய நேரத்தில் வெளியுலகுக்குச் சொல்லப்படாமல் விமானப் பயணிகளோடு பல நாடுகளுக்குப் பரவி, 774 பேரைப் பலிகொண்டதுதான் இவ்விதிமுறைகளைத் திருத்தி எழுதும் வேலையை விரைவுபடுத்தியது.

196 நாடுகளைக் கட்டுப்படுத்தும் இந்த விதிமுறைகளின்படி, ஐயத்துக்குரிய நோய் நிகழ்வு ஒன்றை 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். அது பிற நாடுகளையும் பாதிக்கக்கூடியது என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். இதற்குத் தேவையான ஆய்வகங்களையும் கண்காணிப்பு அமைப்பையும் 2012க்குள் ஒவ்வொரு நாடும் உருவாக்கிவிட வேண்டும் என்றும் கெடு வைக்கப்பட்டது. அந்தக் கெடு வந்தபோது பெரும்பாலான நாடுகள் கூடுதல் அவகாசம் கேட்டன. கடமையை எழுதிவைத்தவர்கள் அதற்கான பணத்துக்கு வழி எழுதவில்லை. ஒருவருக்கொருவர் இயன்றவரை ஒத்துழைக்க வேண்டும் என்ற அளவில் விதிமுறைகள் நின்றுவிட்டன. நாடுகள் நாடுகளுக்குத் தரும் உதவி அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

அமெரிக்காவும் ஏறக்குறைய முப்பது நாடுகளும் சேர்ந்து உலக சுகாதாரப் பாதுகாப்புச் செயல்திட்டம் என்ற கூட்டணியைத் தொடங்கிய நாள் 2014 பிப்ரவரி 13. வாஷிங்டனில் அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் கினியாவில் எபோலா யாரும் அறியாமல் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று பணம் இல்லை. திட்டம் மட்டும் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், எபோலா அமெரிக்க மண்ணையும் தொட்டுவிட்ட பிறகு, அந்நாட்டு நாடாளுமன்றம் 540 கோடி டாலர் அளவுக்கு அவசர நிதி ஒதுக்கியது. அதிலிருந்துதான் இச்செயல்திட்டத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர், ஐந்தாண்டுகளுக்கென்று கிடைத்தது.

ஒரு ரத்தக் குப்பியின் பயணம்

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஒரேயொரு ரத்த மாதிரியைப் பின்தொடர்ந்து போவது நல்லது. தொலைவில் உள்ள ஒரு சிறிய சுகாதார நிலையத்துக்குக் கடும் காய்ச்சலும் ரத்தக்கசிவுமாக ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். இது வழக்கமான மலேரியா அல்ல என்று அங்குள்ள செவிலியருக்குத் தோன்ற வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். தோன்றினால் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் தன்மீது பழி வராது என்ற நம்பிக்கையும் வேண்டும். பிறகு, தனக்கு ஆபத்தில்லாமல் ரத்தம் எடுக்கக் கையுறையும் கவச உடையும் இருக்க வேண்டும். எடுத்த குப்பியை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, மோசமான சாலையில் பல மணி நேரம் கொண்டுபோக ஒருவர் வேண்டும். அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட யாரிடமாவது பணம் இருக்க வேண்டும்.

உகாண்டாவில் இதற்கென்றே ஓர் அமைப்பு உள்ளது. சுற்றுவட்டார சுகாதார நிலையங்களிலிருந்து மாதிரிகளைத் திரட்டி ஒரு மைய இடத்துக்குக் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும், அங்கிருந்து தேசிய ஆய்வகத்துக்கு எடுத்துச்செல்லும் ஏற்பாடும் அதன் உறுப்புகள். எச்ஐவி பரிசோதனைகளுக்காக, பெரிதும் அமெரிக்க உதவியோடு, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவான இந்த ஏற்பாடு பின்னர் எபோலா மாதிரிகளையும் சுமந்தது. முன்னேற்பாட்டு உதவி பெரும்பாலும் இப்படித்தான் பயன்படுகிறது: அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றே ஆபத்துக் காலத்திலும் ஓடும். ஆபத்துக்கென்று பூட்டிவைத்த பொருள் அன்றைக்குப் பார்த்துப் பழுதாகியிருக்கும்.

குப்பி ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் இயந்திரம் இருக்கிறது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. வேதிப்பொருள் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும், இயந்திரம் பழுதானால் சரிபார்க்க ஆள் வர ஒப்பந்தம் இருக்க வேண்டும். இயந்திரத்தை வாங்கிக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ள எல்லா நாடுகளுக்கும் விருப்பம் உண்டு. ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவை ஏற்பதற்கு அந்த ஆர்வம் இருப்பதில்லை.

ஆய்வகத்தின் முடிவு வந்த பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய், நோயாளி யாரையெல்லாம் சந்தித்தார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆட்கள் வேண்டும். களத் தொற்றுநோயியலாளர் என்று இவர்களைச் சொல்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் நாட்டில் 1951 முதல் நடத்திவந்த இத்தகைய பயிற்சியை, 1980இல் தாய்லாந்தில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றது. வகுப்பறையில் குறைவாகவும் களத்தில் அதிகமாகவும் கற்கும் இரண்டாண்டுப் படிப்பு அது. பயிற்சி பெற்றவர்கள் தத்தம் நாட்டு அரசுப் பணியிலேயே பெரும்பாலும் தொடர்கிறார்கள் என்பதால், இத்துறையில் மிகச் சிறந்த பலன் தந்த செலவு இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

விலங்குகளைக் கண்காணிப்பதும் இதே பையிலிருந்துதான் நடக்கிறது. மனிதருக்கு வரும் புதிய தொற்றுகளில் பெரும்பான்மை விலங்குகளிடமிருந்து தாவுபவை. ஆகவே கோழிப் பண்ணையில் திடீரென்று பறவைகள் சாகும்போது கால்நடைத் துறையினர் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லும் வழக்கத்தை உண்டாக்குவதும் சுகாதாரப் பாதுகாப்பில் அடங்கும். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைக் கண்காணிக்க பிரிட்டன் 2015இல் தொடங்கிய 26.5 கோடி பவுண்டு ஃபிளெமிங் நிதியும் இந்த வகைதான்.

லாகோஸிலும் கம்பாலாவிலும் நடந்தவை

2014 ஜூலை 20ஆம் தேதி, லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். கோடிக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் நகரம் அது. தனியார் மருத்துவமனையில் முதலில் மலேரியாவுக்குச் சிகிச்சை தொடங்கினாலும், மருத்துவர்கள் விரைவில் ஐயுற்று அவரைத் தனிமைப்படுத்தினார்கள். லாகோஸ் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வகத்தின் உதவியோடு ஜூலை 23இல் எபோலா என்று தெரிந்துவிட்டது. கினியாவில் மூன்று மாதம் பிடித்தது இங்கே மூன்று நாளில் முடிந்தது.

அடுத்த கட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. இளம்பிள்ளைவாதத்தை ஒழிப்பதற்காக நைஜீரியாவில் ஏற்கெனவே அவசரகாலச் செயல்பாட்டு மையங்கள் இருந்தன. வெளிநாட்டு உதவியோடு உருவான அந்த அமைப்பின் தலைமையும், களத் தொற்றுநோயியலில் பயிற்சி பெற்ற மருத்துவர்களும், ஆவணப்படுத்தும் முறையும் அப்படியே எபோலாவின் பக்கம் திருப்பிவிடப்பட்டன. நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 894 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கப் பணியாளர்கள் ஏறத்தாழ 18,500 முறை நேரில் சென்றார்கள். மொத்தம் 20 பேர் நோயுற்று 8 பேர் இறந்ததோடு பரவல் நின்றது. அக்டோபர் 20இல் உலக சுகாதார நிறுவனம் நைஜீரியாவை எபோலா அற்ற நாடாக அறிவித்தது. இளம்பிள்ளைவாதத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் எவரும் எபோலாவை மனத்தில் வைத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த எடுத்துக்காட்டு தடுப்பூசி பற்றியது. 2022 செப்டம்பர் 20ஆம் தேதி உகாண்டாவில் எபோலாவின் சூடான் வகை பரவுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த வகைக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை. சோதனை நிலையில் சில இருந்தன. அவற்றைத் தேடிப்பிடித்து, குப்பிகளில் நிரப்பி, ஒப்புதல் வாங்கி, முதல் தொகுதி உகாண்டாவில் வந்து இறங்கியபோது 79 நாட்கள் கடந்திருந்தன. அதற்குள் புதிய நோயாளிகள் வருவதே நின்றுவிட்டிருந்ததால், யாருக்குப் போட்டுச் சோதிப்பது என்ற கேள்வி எழுந்தது. தடுப்பூசி வந்தும் பயனில்லாமல் போனது.

ஆனால் வந்ததை உகாண்டாவினர் அப்படியே விட்டுவிடவில்லை. சோதனைக்கான நெறிமுறை, ஒப்புதல்கள், பயிற்சி பெற்ற குழு, உறைநிலையில் வைத்த மருந்து என்று எல்லாவற்றையும் நாட்டுக்குள்ளேயே ஆயத்தமாக வைத்துக்கொண்டார்கள். 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே சூடான் வகை மீண்டும் அறிவிக்கப்பட்டது. இம்முறை தலைநகர் கம்பாலாவில், ஒரு செவிலியருக்கு. பிப்ரவரி 3ஆம் தேதி, அதாவது நான்கே நாட்களில், தடுப்பூசிச் சோதனை தொடங்கிவிட்டது. உறுதியானவர்களும் ஐயத்துக்குரியவர்களுமாக 14 பேரோடு அந்தப் பரவல் ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. இவ்வளவு சிறிய பரவலில் தடுப்பூசி எந்த அளவுக்குக் காத்தது என்று அளந்து சொல்ல இயலாது. தொடர்பறிதலும் தனிமைப்படுத்தலுமே பெரும்பங்கு ஆற்றியிருக்கும். ஆயினும் 79 என்ற எண் 4 ஆக மாறியதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் காரணமில்லை. முன்கூட்டியே கையெழுத்தான தாள்களும் ஓர் உறைபெட்டியும் அதைச் செய்தன.

இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்ததுதான் ‘7-1-7’ என்ற இலக்கு. நோய் தலைகாட்டிய 7 நாட்களுக்குள் கண்டறிய வேண்டும்; கண்டறிந்த 1 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்; அடுத்த 7 நாட்களுக்குள் தொடக்கநிலை நடவடிக்கைகளை முடிக்க வேண்டும். 2021இல் முன்வைக்கப்பட்ட இதைப் பல நாடுகள் இன்று பயன்படுத்துகின்றன. எந்த இடத்தில் எத்தனை நாள் வீணானது என்று ஒவ்வொரு பரவலுக்குப் பிறகும் இதனால் பார்க்க முடிகிறது என்பதால், மதிப்பெண் பட்டியல்களைவிட இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மதிப்பெண் பட்டியல்களும் உண்டு. பிற நாட்டு வல்லுநர்கள் ஒரு வாரம் வந்து தங்கி, ஆய்வகம் முதல் எல்லைச் சோதனை வரை ஒவ்வொரு துறைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் கூட்டு வெளிமதிப்பீடு என்ற முறை 2016 முதல் நடக்கிறது. எங்கே பணம் தேவை என்று திட்டமிட இது உதவுகிறது. ஆனால் மதிப்பெண்ணை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. 2019 அக்டோபரில் வெளியான உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு அமெரிக்காவை முதலிடத்திலும் பிரிட்டனை இரண்டாம் இடத்திலும் வைத்திருந்தது. அடுத்த சில மாதங்களில் கோவிட் வந்தபோது இவ்விரு நாடுகளும் பட்ட பாட்டை உலகம் கண்டது.

பணம் போகும் வழிகள்

நன்கொடை நாட்டின் பணம் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, நேரடியாக மற்றொரு நாட்டுக்கு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பல நாடுகளில் அலுவலகம் வைத்து இயங்குவதும், ஆஸ்திரேலியா 2017இல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலரில் தன் அண்டைப் பகுதி நாடுகளுக்கென ஒரு சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் இவ்வகை. மற்றொன்று, பல நாடுகள் சேர்ந்து ஒரு பொது நிறுவனத்தின் வழியாகத் தருவது. நேரடி உதவி விரைவானது, கொடுக்கும் நாட்டின் விருப்பத்துக்கு ஏற்ப வளையக்கூடியது. பொது வழி மெதுவானது, ஆனால் கொடுப்பவருக்குப் பிடிக்காத நாட்டுக்கும் அதன்மூலம் உதவி போய்ச்சேர முடியும். வைரஸ் நட்பு நாடு, பகை நாடு பார்ப்பதில்லை என்பதால் இரண்டாவது வழியை முற்றாகக் கைவிட முடியாது.

பொது வழிகளில் சிலவற்றைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஏற்படுத்திய அவசர நிதியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் 5 லட்சம் டாலர் வரை விடுவிக்க முடியும். தொகை சிறியதானாலும் முதல் வாரத்தில் அதன் மதிப்பு பெரிது. நார்வே, இந்தியா ஆகிய அரசுகளும் சில அறக்கட்டளைகளும் சேர்ந்து 2017இல் தொடங்கிய செப்பி என்ற கூட்டணி, சந்தையில் லாபம் தராத தடுப்பூசிகளின் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது. 2022இல் உலக வங்கியில் நிறுவப்பட்ட பெருந்தொற்று நிதி, ஏழை நாடுகளின் முன்னேற்பாட்டுக்கு மட்டுமென்றே அமைந்தது. அதன் முதல் சுற்றில், 2023 ஜூலையில், 37 நாடுகளுக்கு ஏறத்தாழ 34 கோடி டாலர் வழங்கப்பட்டது. வந்திருந்த விண்ணப்பங்களோ 250 கோடி டாலருக்கு மேல் கேட்டிருந்தன.

தோற்றுப்போன வழி ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கற்க நிறைய இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க எபோலாவுக்குப் பிறகு உலக வங்கி, பெருந்தொற்று வந்தால் பணம் தரும் ஒரு காப்பீட்டு ஏற்பாட்டைச் செய்தது. 2017இல் முதலீட்டாளர்களுக்குப் பத்திரங்கள் விற்கப்பட்டன. அவர்களுக்குத் தரும் வட்டியை நன்கொடை நாடுகள் ஏற்றன. நோய் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் முதலீட்டாளர்களின் பணம் நோயுற்ற நாட்டுக்குப் போகும். எபோலாவுக்கான நிபந்தனைகளில் ஒன்று, இரண்டாவது ஒரு நாட்டிலும் குறைந்தது 20 பேர் இறந்திருக்க வேண்டும் என்பது. 2018 முதல் 2020 வரை காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் எபோலா 2,200க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆனால் எல்லை தாண்டி 20 பேர் சாகவில்லை. காப்பீட்டுப் பத்திரங்களிலிருந்து ஒரு டாலரும் வரவில்லை. கோவிட்டுக்கு வந்தது, அதுவும் உலகமே முடங்கிய பிறகு, 2020 ஏப்ரலில், 20 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக. பரவலைத் தடுப்பதற்கான பணத்தை, பரவிவிட்டது என்று நிரூபித்த பிறகே தருவதாக விதி எழுதினால் இப்படித்தான் முடியும்.

யாருக்காக இந்த உதவி?

அரசுகள் இதைத் தம் மக்களிடம் நியாயப்படுத்தும்போது தற்காப்பையே முதலில் சொல்கின்றன. அது பொய்யல்ல. கோவிட்டால் 2024 வரை உலகப் பொருளாதாரம் இழந்தது 12 லட்சம் கோடி டாலருக்கு மேல் இருக்கும் என்று சர்வதேச நாணய நிதியம் கணித்தது. முன்னேற்பாட்டுக்காகப் பிற நாடுகளுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் சர்வதேச உதவி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,050 கோடி டாலர் என்று 2022இல் ஜி20 நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மதிப்பிட்டன. வெள்ளம் வருமுன் அணை கோலுவது மலிவு என்பதில் கணக்கு அறிந்த எவருக்கும் ஐயமில்லை. எல்லையில் காய்ச்சல் பார்த்துத் தடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், எபோலாவின் நோயரும்பு காலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையிலான காலம், 21 நாட்கள் வரை நீளும் என்பதையும், அந்நாட்களில் பயணிக்குக் காய்ச்சலே இருக்காது என்பதையும் நினைவில் கொள்ளலாம். விமான நிலையத்து வெப்பமானி பார்வைக்கு நன்றாயிருக்கும்.

ஆனால் தற்காப்பு என்ற ஒரே காரணம், உதவி பெறும் நாட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 2007ஐ ஒட்டி, பறவைக் காய்ச்சலால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்த இந்தோனேசியா, தன் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகங்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. தான் அனுப்பிய வைரஸைக் கொண்டு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கிறது, ஆனால் அதை வாங்கும் வசதி தன் மக்களுக்கு இருக்காது என்பதே அந்நாட்டின் வாதம். நோயைக் கண்டுபிடிக்க எங்களைப் பயன்படுத்திக்கொள்வீர்கள், மருந்து மட்டும் உங்களுக்கா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு ஆண்டுகள் பேச்சு நடந்து, 2011இல் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் பகிர்வுக்கென ஒரு தனி ஏற்பாடு உருவானது.

கோவிட் காலத்தில் அதே காயம் மீண்டும் கிழிந்தது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் ஒமிக்ரான் வகையைக் கண்டறிந்து, மறைக்காமல் உலகுக்கு அறிவித்தன. இத்தனை ஆண்டு உதவியும் பயிற்சியும் எதற்காகவோ அதை அவை சரியாகச் செய்தன. ஓரிரு நாட்களில் தென்னாப்பிரிக்கப் பகுதியிலிருந்து வரும் விமானங்களைப் பணக்கார நாடுகள் வரிசையாகத் தடை செய்தன. உண்மையைச் சொன்ன நாட்டுக்குக் கிடைத்தது பொருளாதார அடி. அடுத்த முறை ஒரு சுகாதார அமைச்சர், அறிவிப்பதற்கு முன் இருமுறை யோசித்தால் அவரைக் குறை சொல்வது கடினம். ஆய்வகத்துக்குக் கொடுக்கும் கோடிக்கணக்கான டாலர்கள் கண்டறியும் நாட்களைக் குறைக்கும். அறிவிக்கத் தயங்கும் நாட்களை அவற்றால் குறைக்க முடியாது.

2025 மே 20ஆம் தேதி உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கை இந்தக் கணக்கைத் தீர்க்க முயல்கிறது. நாடுகள் நோய்க்கிருமியின் மாதிரியையும் மரபணுத் தகவலையும் விரைந்து பகிர வேண்டும். அதற்கு ஈடாக, திட்டத்தில் சேரும் மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், அதில் குறைந்தது பாதி நன்கொடையாக. இந்தப் பகிர்வு எப்படி நடக்கும் என்று விளக்கும் இணைப்பு முடிவான பிறகே உடன்படிக்கை கையெழுத்துக்கு வரும். 60 நாடுகள் ஏற்பளித்தால்தான் அமலுக்கு வரும்.

பணம் நிற்கும்போது

பரவல் வந்தால் பதற்றம், ஓய்ந்தால் மறதி என்பது இத்துறையினர் அடிக்கடி சொல்லும் புலம்பல். 2025இல் நடந்தது மறதியைவிடக் கடுமையானது. உலக சுகாதார நிறுவனத்தின் மிகப் பெரிய நன்கொடையாளராக இருந்த அமெரிக்கா, அதிலிருந்து விலகுவதாக ஜனவரி 20ஆம் தேதி ஆணையிட்டது. அந்நாட்டின் சர்வதேச வளர்ச்சி முகமையான யுஎஸ்எய்ட் ஜூலை 1ஆம் தேதியோடு தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்தியது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கும் பங்கை 2027க்குள் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. ஃபிளெமிங் நிதியும் நிறுத்தப்படும் திட்டங்களில் சேர்ந்தது. செப்டம்பரில் அமெரிக்கா வெளியிட்ட புதிய கொள்கை, நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் வேலையைத் தொடர்வதாகவும், ஆனால் தொண்டு நிறுவனங்களைத் தவிர்த்து அரசுகளோடு நேரடி ஒப்பந்தம் போட்டு, அந்த அரசுகளின் பங்களிப்பை ஆண்டுக்கு ஆண்டு கூட்டப்போவதாகவும் சொல்கிறது. முதல் ஒப்பந்தம் டிசம்பரில் கென்யாவோடு கையெழுத்தானது.

இந்தக் கொள்கையின் நோக்கங்களைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், அது தொடும் கேள்வி பழையது, உண்மையானது. ஐந்தாண்டுத் திட்டத்தின் பணத்தில் அமர்த்தப்பட்ட ஆய்வக நுட்பநருக்கு ஆறாம் ஆண்டில் சம்பளம் தருவது யார்? நன்கொடை நாடு தந்தால், அந்நாட்டின் ஒரு தேர்தல் முடிவு இன்னொரு நாட்டின் ஆய்வகத்தை மூடிவிடும். உள்நாட்டு அரசு தர வேண்டுமென்றால், முதலாம் ஆண்டிலேயே அந்தப் பதவி அதன் சம்பளப் பட்டியலில் ஏற வேண்டும்; நன்கொடைத் திட்டம் தரும் சம்பளம் அரசுச் சம்பளத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால் அது நடக்காது. ஆகவே இத்தகைய ஓர் உதவித் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது, மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன், அது எத்தனை ஆண்டுகளுக்கானது, அதில் சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் எவ்வளவு, முடிந்த பிறகு அந்தச் செலவு யாருடைய வரவு செலவுத் திட்டத்துக்குப் போகிறது என்ற மூன்றையும் தேடிப் பார்ப்பது நல்லது.

உதவி குறைந்தபோது எல்லா நாடுகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. நைஜீரிய நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில், அமெரிக்க உதவி நின்றதால் விழுந்த பள்ளத்தை நிரப்ப, அந்த ஆண்டின் சுகாதார ஒதுக்கீட்டில் 20 கோடி டாலர் மதிப்புள்ள தொகையைக் கூடுதலாகச் சேர்த்தது. அவ்வளவு வருவாய் இல்லாத சிறிய நாடுகளுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. அவை பெருந்தொற்று நிதியின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றன.